வளர்கிற பிள்ளைக்கு எடுக்கும் சட்டை அல்ல

எதிர் வீட்டுப் பையனுக்கு 14 வயது. இருங்காட்டுக்கோட்டை ரேஸ் டிராக்கில் பைக் ரேஸ் பயிற்சிக்குச் சேர்த்திருக்கிறார்கள். போன மாதம் அவன் அப்பா ஒரு பெரிய பையோடு வந்தார். "ஐயா, நீங்க சோழவரத்துல ரேஸ் ஓட்டினவரு. இதெல்லாம் சரியா இருக்கான்னு பாத்துச் சொல்லுங்க."

லெதர் சூட் இரண்டு அளவு பெரிதாக இருந்தது. "வளர்ற பையன், அதான் கொஞ்சம் தாராளமா எடுத்தேன்" என்றார். ஹெல்மெட், பெரியப்பா மகன் போட்டுக் கழித்தது.

இரண்டுமே நம் வீடுகளின் நல்ல வழக்கங்கள்தான். தீபாவளிக் கால்சட்டையை மடித்துத் தைத்து அடுத்த வருஷம் பிரித்துவிடுவோம். அண்ணன் சட்டை தம்பிக்கு வரும். நானும் அப்படி வளர்ந்தவன். அந்தப் பழக்கத்தில்தான் 1980களின் தொடக்கத்தில் சோழவரம் ஓடுதளத்தில் என் அண்ணனுடைய லெதர் ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டு இறங்கினேன். வளைவில் வண்டி சறுக்கியது. தரையில் உரசிக்கொண்டு போகும்போது தொளதொள கை சுருண்டு மேலே ஏறிவிட்டது. எழுந்து பார்த்தால் ஜாக்கெட்டில் பெரிய கீறல் இல்லை. என் இடது முழங்கையில் தோலே இல்லை. அந்தத் தழும்பைப் பையனுக்குக் காட்டினேன்.

ரேஸ் சூட்டின் தோள், முழங்கை, முழங்கால்களில் வைத்திருக்கும் கெட்டித் தடுப்புகள் சரியாக எலும்பின் மேல் நிற்க வேண்டும். சூட் தொளதொளத்தால், விழுந்த வேகத்தில் அவை பக்கவாட்டில் திரும்பிவிடும். ஆகையால் கடையில் நின்றுகொண்டு அளவு பார்க்காதீர்கள். வண்டியில் குனிந்து உட்கார்ந்து, கைப்பிடியைப் பிடித்துப் பாருங்கள். அப்போது உடம்போடு ஒட்டி இருக்க வேண்டும். எழுந்து நின்றால் முன்னால் இழுக்க வேண்டும். அந்த இழுப்பு குறை அல்ல, ஓட்டும் நிலைக்கென்றே அப்படி வெட்டித் தைக்கிறார்கள். நம் ஊர் வெயிலுக்கு மார்பிலும் தொடையிலும் சின்னத் துளைகள் போட்டது நல்லது. முதுகை மட்டும் கையால் அழுத்திப் பாருங்கள். பல சூட்டுகளில் அங்கே வெறும் ஸ்பாஞ்ச்தான் இருக்கும். முதுகுக் காப்பைத் தனியாக வாங்கியே ஆக வேண்டும். மோட்டோ ஜிபி பைக் போட்டியில் 2018 முதல் சூட்டுக்குள் ஏர்பேக் கட்டாயம். அந்த அளவுக்கு நமக்கு வசதி இல்லாவிட்டாலும் முதுகெலும்பு எல்லோருக்கும் ஒன்றுதான்.

கையுறை மணிக்கட்டைத் தாண்டி ஏறி, இறுகக் கட்டும்படி இருக்கட்டும். விழுகிறவன் முதலில் கையைத்தான் ஊன்றுவான். பூட்ஸ் கணுக்காலுக்கு மேல் வரட்டும்.

ஹெல்மெட்டில்தான் அந்த அப்பாவோடு வெகுநேரம் பேச வேண்டியிருந்தது. வெளியே பெயின்ட் பளபளத்தது, அதனால் நம்பிவிட்டார். உள்ளே தெர்மோகோல் போல ஒரு நுரை இருக்கிறது. அடியைத் தான் வாங்கி நசுங்கித்தான் அது தலையைக் காக்கிறது. நசுங்கினது மறுபடி எழாது. முன்னவன் எத்தனை தரம் விழுந்தான், யாருக்குத் தெரியும்? விழாத சூட்டைத் தையல் பார்த்துப் பழசாக வாங்கலாம், பிள்ளைக்கு அளவு பொருந்தினால். ஹெல்மெட் மட்டும் புதிதாகவே இருக்க வேண்டும். மாட்டினால் கன்னம் இரண்டும் அமுங்க வேண்டும். வாரை இரட்டை வளையத்தில் கோத்து இறுக்கிவிட்டு, பின்பக்கம் அடியில் கை கொடுத்து முன்னால் தள்ளுங்கள். கழன்று வந்தால் வேண்டாம். கால் மணி நேரம் மாட்டியபடி உட்காரச் சொல்லுங்கள். நெற்றியில் ஒரே இடத்தில் வலித்தால் அது அவன் தலைக்கான வடிவம் இல்லை.

பணம் போதவில்லை என்றால் டிராக்குக்குப் போவதைத் தள்ளிப்போடுங்கள், சூட்டை அல்ல.

அந்தப் பழைய ஹெல்மெட்டின் வாரை என் வீட்டுக் கத்தரிக்கோலால் அறுத்துவிட்டுத்தான் குப்பையில் போட்டோம். நீங்களும் அப்படியே செய்யுங்கள். இல்லாவிட்டால் வேறொரு பிள்ளை அதை எடுத்து மாட்டிக்கொள்வான்.