அழகான காடு, அவதியான இரவு

மகனைப் படிப்பில் சேர்க்க அண்ணாமலை நகர் போயிருந்தோம். 1929-ல் தொடங்கிய பல்கலைக்கழகம். எத்தனை பெரிய வளாகம்! "இவ்வளவு தூரம் வந்துட்டு பிச்சாவரம் பார்க்காம போறதா?" என்றாள் மகள். சிதம்பரத்திலிருந்து சுமார் 15 கிலோமீட்டர்தான்.

சுரபுன்னை மரங்களுக்கு நடுவே படகில் போனபோது மனசு குளிர்ந்தது. சிதம்பரத்துக்குத் தில்லை என்று பெயர் தந்த மரமும் அங்கே உண்டு. அதன் பால் கண்ணில் படக் கூடாது.

இரவு தங்க, உப்பங்கழி ஓரமாக ஒரு கூடாரத்துக்கு, உள்ளே போய்ப் பார்க்காமலே பணம் கட்டினோம். அங்கேதான் வந்தது வினை! கொசுவலையில் கிழிசல், குழாயில் தண்ணீர் இல்லை, கக்கூஸ் கதவுக்குத் தாழ்ப்பாள் கிடையாது. கேட்டதற்கு, "ஒரு ராத்திரிதானேம்மா" என்று பதில். நானும் வாயை மூடிக்கொண்டேன்.

அதற்குள் போகக் கூசிய என் பெண், தண்ணீரே குடிக்காமல் விடியும்வரை அடக்கிக்கொண்டாள். ஊர் திரும்பியதும் நீர்க்கடுப்பு, காய்ச்சல். "தண்ணி குடிக்காம அடக்கினா கிருமி சேராதா? நீங்க சொல்ல வேண்டாமா?" என்று டாக்டரம்மா என்னைத்தான் கடிந்துகொண்டார்.

சகோதரிகளே, பிச்சாவரத்துக்கு அவசியம் போய் வாருங்கள். ஆனால் எங்கே தங்கினாலும் முதலில் கக்கூஸைப் பாருங்கள்; பிறகு பர்ஸைத் திறக்கலாம்.