மூத்த அண்ணன் எம்.எம்.540

காரைக்குடின்னு சொன்னதும் உங்களுக்கு என்ன ஞாபகம் வரும் மக்களே? சிக்கன் செட்டிநாடு, ஆத்தங்குடி டைல்ஸ், தேக்குத் தூண் வீடு, சினிமா ஷூட்டிங். எங்க வீட்டுக்கு வர்ற ஹாஸ்டல் பசங்க மட்டும் இதையெல்லாம் விட்டுட்டு, வேப்பமரத்தடியில நிக்கிற பச்சைக் கலர் ஜீப்பைச் சுத்திச் சுத்தி செல்ஃபி எடுப்பாங்க. 1996-ல் எங்க ஐயா (அப்பாவோட அப்பா) வாங்கின மகிந்திரா எம்.எம்.540. என்னைவிடப் பத்து வயசு மூத்தது. அதனால வீட்டுல அதுக்கு 'மூத்தவன்'னு பேரு.

"ஆஃப் ரோடு எங்க மச்சி போவீங்க?" இதுதான் எல்லாரோட முதல் கேள்வி. நியாயமான கேள்விதான். இங்க மலையா இருக்கு, பாலைவனமா இருக்கு? குன்றக்குடியில ஒரு குன்று, பிள்ளையார்பட்டியில ஒரு பாறை. மத்தபடி ஊரே தோசைக்கல் மாதிரி தட்டை. இந்தத் தட்டை ஊர்லதான் எங்க ஜீப் முப்பது வருஷமா தினமும் ஓடுது. புதுவயல் ரைஸ் மில்லுக்கு நெல் மூட்டை, வயலுக்கு உரம், அப்பத்தாவை ஆஸ்பத்திரிக்கு, என்னை காலேஜுக்கு. ரீல்ஸ்ல தார் வண்டி ஆத்துல பாயும். எங்க வண்டி பெரும்பாலும் மளிகைக் கடை வாசல்ல நிக்கும்.

கொஞ்சம் ஃபிளாஷ்பேக். இரண்டாம் உலகப்போருக்காக அமெரிக்க ராணுவம் 1941-லிருந்து செய்ய வெச்ச வில்லிஸ் ஜீப்தான் இந்தப் பரம்பரைக்குப் பாட்டன். 1940-களின் கடைசியில் மகிந்திரா அதை இங்கே அசெம்பிள் பண்ண ஆரம்பிச்சு, அப்புறம் தானே தயாரிச்சது. 1980-களில் வந்த எம்.எம்.540-க்கு இருதயம் ஃபிரான்ஸ் தேசத்தது. பூஜோ டிசைன் டீசல் இன்ஜின், பேரு எக்ஸ்.டி.பி. 4.90. நாலு சிலிண்டர், போர் 90 மில்லிமீட்டர், அதான் 4.90. ஸ்ட்ரோக் 83. கால்குலேட்டரைத் தட்டிப் பாருங்க, 2112 சி.சி. வரும். தெர்மல் பேப்பர்ல நான் உருப்படியா போட்ட ஒரே கணக்கு இதுதான்.

தினசரி வாழ்க்கை எப்படின்னு கேட்டா, ரொமான்ஸ் கம்மி. காலையில சாவியைத் திருப்பினதும் ஸ்டார்ட் ஆகாது. முதல்ல ஹீட்டர் போட்டு, பத்து வரைக்கும் எண்ணணும். பவர் ஸ்டீயரிங் கிடையாது. ரிவர்ஸ் எடுத்தா ஜிம்முக்குத் தனியாப் போகவேண்டாம். நாலு பக்கமும் பட்டை ஸ்பிரிங். காலேஜ் வாசல்ல இறங்கின பிறகும் பத்து நிமிஷம் நாங்க வைப்ரேஷன் மோடுலதான் இருப்போம். சித்திரை வெயில்ல ஏ.சி.ன்னா, கண்ணாடியே இல்லாத ஜன்னல்தான். மைலேஜ்? ஐயாவோட டீசல் கணக்கு நோட்டுப்படி லிட்டருக்குப் பதினொண்ணு. முதல் நாளிலிருந்து போட்ட ஒவ்வொரு லிட்டரும் அந்த நோட்டுல இருக்கு.

ஆனா கோட்டையூர், பள்ளத்தூர் வழியா கானாடுகாத்தான் போற அந்த ஒரு ரவுண்டு இருக்கே, அதுக்காக எதையும் மன்னிக்கலாம். அளந்து போட்ட மாதிரி நேர்நேரான தெருக்கள். இந்தத் தெருவுல வாசல், அடுத்த தெருவுல கொல்லைக் கதவுன்னு நீண்டுக்கிட்டே போற வீடுகள். பாதிக்கு மேல பூட்டிக் கிடக்கும். ஆளரவமே இல்லாத அந்தச் சுவர்களுக்கு நடுவுல நம்ம டீசல் சத்தம் மோதித் திரும்பும்போது, பின்னாடி இன்னொரு ஜீப் வர்ற மாதிரியே இருக்கும். நானே ரெண்டு தடவை திரும்பிப் பார்த்திருக்கேன். காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவுல, பழைய எனாமல் பாத்திரமும் மரக்கதவும் விக்கிற கடைகள் முன்னாடி நிறுத்தினா, டூரிஸ்ட் யாராவது வந்து வண்டியைத் தட்டிப் பார்த்து "இது எவ்வளவு?"ன்னு கேட்பாங்க. சிரிப்பா வரும். போன ஐப்பசி வரைக்கும் வந்துச்சு.

அந்த ஐப்பசியில மூணு நாள் அடைமழை. கண்மாய்க் கரைக்கு அந்தப் பக்கம் எங்க வயல். செம்மண் காய்ஞ்சா கல்லு, நனைஞ்சா அல்வா. உர மூட்டையோட நான் தனியாப் போய், பின் சக்கரம் ரெண்டும் பாதி புதைஞ்சு நின்னுட்டேன். 'ஃபோர் வீல் டிரைவ் எதுக்கு இருக்கு'ன்னு ஹீரோ மாதிரி பக்கத்துல இருந்த குட்டி லீவரை இழுத்தேன். அசையலை. ரெண்டு வருஷமா நான் அதைத் தொட்டதே இல்லை. தப்பு வண்டி மேல இல்லை பாஸ், முழுக்க என் மேலதான்.

ஐயாவுக்கு போன் போட்டேன். எழுபத்தாறு வயசுல, குடையைப் பிடிச்சுக்கிட்டு, கரை மேல நடந்தே வந்தார். திட்டலை. "ஒரு விரற்கடை பின்னால தள்ளு அப்பு. பல்லுக்குப் பல்லு நேரா நின்னாத்தான் விழும்"னார். லேசா பின்னால உருண்டதும் 'ணங்'குன்னு விழுந்துச்சு. அடுத்த லீவர் லோ ரேஞ்சுக்கு. அதுல சக்கரம் ஏறக்குறைய இரண்டரை மடங்கு மெதுவாச் சுத்தும், இழுவை அந்த அளவுக்குக் கூடும். ஆக்ஸிலரேட்டரை மிதிக்கவே இல்லை. எருமை எழுந்திரிக்கிற மாதிரி நிதானமா எழுந்து வெளியே வந்துருச்சு.

"மாசம் ஒருதடவை மண்ணுல நாலு சக்கரத்தையும் போட்டு ஓட்டணும்"னார். தார் ரோட்டுல கூடாதாம். ஏன்னு அவருக்குச் சொல்லத் தெரியலை, எனக்குத் தெரியும். வளைவுல முன் சக்கரமும் பின் சக்கரமும் வேற வேற தூரம் போகும். அந்த வித்தியாசத்தை வாங்கிக்க நடுவுல டிஃபரன்ஷியல் இல்லை. மண்ணுன்னா டயர் வழுக்கிச் சரிபண்ணிக்கும், தார்ல மொத்தப் பல்லும் இறுகிப் போகும். எனக்குக் காரணம் தெரிஞ்சிருந்தது, அவருக்குச் செய்யத் தெரிஞ்சிருந்தது. அன்னிக்கு வண்டியை எடுத்தது எதுன்னு தனியா சொல்லணுமா?

இப்போ விஷயத்துக்கு வர்றேன். முதல் பதினைஞ்சு வருஷத்துக்கு அப்புறம் அஞ்சு வருஷத்துக்கு ஒருதடவை ஆர்.சி. புதுப்பிக்கணும். 2011, 2016, 2021 முடிஞ்சு இது நாலாவது. முன்னாடி 600 ரூபாயா இருந்த கட்டணம் 2022-ல் 5,000 ஆச்சு. இருபது வருஷம் தாண்டின காருக்கும் ஜீப்புக்கும் 2025-ல் 10,000. பசுமை வரி தனி. ஐயாவுக்குக் கண் ஆபரேஷன் ஆயிருச்சு, இனி ஓட்டக் கூடாதுன்னு டாக்டர் சொல்லிட்டார். பக்கத்துல ஒரு ரிசார்ட்டுல இருந்து ஆள் வந்து நல்ல விலை சொன்னாங்க. வாசல்ல நிறுத்தி, பூந்தொட்டி வெச்சு, கெஸ்ட் போட்டோ எடுக்கவாம். இன்ஜின் ஓடணும்னுகூட அவசியம் இல்லையாம். அந்தப் பணம் தங்கச்சியோட முதல் வருஷ ஃபீஸுக்குச் சரியா இருக்கும். சிங்கப்பூர்ல இருந்து சித்தப்பாவும் "வித்துருங்க"ன்னுதான் சொல்றார்.

ராத்திரி திண்ணையில கேட்டேன். "என்ன ஐயா பண்ணலாம்?"

"நீ ஓட்டுவியா அப்பு?"

அடுத்த வருஷம் கேம்பஸ் இன்டர்வியூ. சென்னையோ பெங்களூருவோ, எங்கேயோ ஒரு ஏ.சி. கேபின். பொய் சொல்ல வாய் வரலை. நான் பேசாம இருந்ததைப் பார்த்துட்டு அவரே பேச்சை மாத்திட்டார்.

எங்க அப்பா டி.வி.எஸ். எக்ஸ்.எல். ஆளு. இருபது வருஷமா ஜீப் ஸ்டீயரிங்கைத் தொட்டதில்லை. "அது எங்கப்பா வண்டி"ம்பார். நேத்து சாயங்காலம் ரிசார்ட்டுல இருந்து மறுபடி போன் வந்தது. ரெண்டு நாள் டைம் கேட்டுட்டு போனை வெச்சவர், வேப்பமரத்தடிக்குப் போய், வண்டியில ஏறி உட்கார்ந்தார். கொஞ்ச நேரம் கழிச்சு என்னைக் கூப்பிட்டார்.

"டேய், இந்த ரெண்டு குட்டி லீவர்ல எது எதுக்குடா?"