செண்பகனூரில் பிறந்து சீமையில் செல்லப்பிராணியான குச்சிப்பூச்சி!

வத்தலக்குண்டிலிருந்து கொடைக்கானலுக்கு மலையேறும் சுற்றுலா வேன்கள் எல்லாமே வெள்ளி அருவியில் நின்றுவிடும். செல்ஃபி, சுட்ட சோளம், குரங்குக்குப் பயந்து பையை இறுக்கிப் பிடித்தல். அதன்பிறகு நேரே ஏரிதான். நடுவில் வரும் செண்பகனூரில் இறங்குகிறவர்கள் குறைவு. இறங்கினாலும் இயேசு சபையின் திரு இருதயக் கல்லூரி அருங்காட்சியகத்தில் பாடம் செய்த பாம்பையும் பறவையையும் பார்த்துவிட்டுக் கிளம்பிவிடுவார்கள்.

ஆனால், இங்கிலாந்தில் பள்ளிக்கூடம் போன பலருக்கு இந்த ஊரின் பூச்சி ஒன்று பழக்கம். பேர் தெரியாது, பூச்சி தெரியும். 'இந்தியக் குச்சிப்பூச்சி' என்று அங்கே வகுப்பறை ஜாடியில் வளர்வது செண்பகனூர்ச் சரக்குதான்! 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில் பழநி மலையின் இந்தப் பக்கத்திலிருந்து ஐரோப்பாவுக்குப் போன பூச்சிகளை வைத்து, 1901-ல் சினெட்டி என்ற பாதிரியார் அதற்கு அறிவியல் பெயர் சூட்டினார். கராசியஸ் மொரோசஸ். அதன்பிறகு அது ஊர் திரும்பவே இல்லை.

பரவியதற்குக் காரணம் எளிது. இந்தப் பூச்சிக்கு ஆண் துணை வேண்டாம். வளர்ப்பில் இருப்பவை கிட்டத்தட்ட எல்லாமே பெண்கள். தனியாக இருந்தே நூற்றுக்கணக்கில் முட்டையிடும். கூடு கட்டாது, காவல் காக்காது. இலையில் உட்கார்ந்தபடியே முட்டையைக் கீழே நழுவவிட்டுவிட்டுத் தன்பாட்டுக்கு மென்றுகொண்டிருக்கும். பழுப்பு நிற முட்டை, தலையில் வெளிர் மஞ்சளாக ஒரு சின்னக் குமிழ். குச்சிப்பூச்சிகள் பலவற்றின் முட்டையில் இருக்கும் இந்தக் குமிழுக்காகவே எறும்புகள் அவற்றை இழுத்துப்போவது உண்டு. சில மாதங்களில் நூல் துண்டு மாதிரி குஞ்சு வெளியே வரும்.

வளர்ப்பதும் பெரிய வித்தை இல்லை. முள்பெர்ரி இலையோ ஐவிக் கொடி இலையோ போதும். தினமும் இலைமேல் லேசாகத் தண்ணீர் தெளிக்க வேண்டும். கொப்பைச் செருகிவைக்கும் பாட்டிலின் வாயைப் பஞ்சால் அடைக்காவிட்டால் குஞ்சுகள் விழுந்து செத்துப்போகும். கூண்டு பூச்சியின் நீளத்தைப்போல் மூன்று மடங்காவது உயரம் இருக்க வேண்டும். தலைகீழாகத் தொங்கித்தான் தோலுரிக்கும். இடம் போதாவிட்டால் கால் கோணிக்கொள்ளும். அப்படிப் போன கால் அடுத்தடுத்த தோலுரிப்பில் திரும்ப முளைப்பதுண்டு. தொட்டால் செத்த சுள்ளியாக விறைத்து விழும். அதை நம்பிக் குப்பையில் போட்ட பிள்ளைகள் எத்தனை பேரோ!

ஜெர்மனியின் பீலஃபெல்ட் பல்கலைக்கழகத்தில் இதன் ஆறு கால் நடையைப் படித்தே ரோபோ செய்தார்கள். அது பெருமை. இன்னொரு பக்கம் இருக்கிறது. கூண்டைச் சுத்தம் செய்யும்போது முட்டையோடு குப்பையைக் கொட்டிவிட்டால், தட்பவெப்பம் ஒத்துவந்த இடத்தில் தோட்டத்தில் குடியேறிவிடும். கலிஃபோர்னியாவின் சான்டியாகோ பக்கத்திலும் தென்னாப்பிரிக்காவின் கேப்டவுனிலும் அதுதான் நடந்தது. அமெரிக்காவில் இப்போது அனுமதி இல்லாமல் இதை வளர்க்க முடியாது. பிரிட்டனில் விவரம் தெரிந்தவர்கள் மிஞ்சிய முட்டைகளை ஃப்ரீசரில் வைத்து, உயிர் போனபிறகே வெளியே போடுகிறார்கள். ஐஸ்க்ரீம் டப்பாவுக்குப் பக்கத்தில் செண்பகனூர் முட்டை!

இதைப் படித்துவிட்டு, அடுத்த விடுமுறையில் நாலு பூச்சியைப் பிடித்துவரலாம் என்று கிளம்பிவிடாதீர்கள். கொடைக்கானல் காடுகள் பெரும்பகுதி 2013-லிருந்து வனவிலங்கு சரணாலயம். அங்கிருந்து எதையும் எடுத்துவர முடியாது. சோலைக்காடு இருந்த இடத்தில் சீகை, பைன், யூகலிப்டஸ் என்று வெளியூர் மரங்கள் ஏறி நிற்கும் மலை இது. மிச்சமிருக்கும் உள்ளூர்ப் புதரில்தான் இந்தப் பூச்சிக்கும் பிழைப்பு.

பார்க்கலாம், தடையில்லை. தங்கும் விடுதியின் வேலியோரச் செடியில் இருட்டிய பிறகு டார்ச் அடித்துப் பொறுமையாகத் தேடுங்கள். பகலில் சுள்ளியாகக் கிடப்பது ராத்திரியில்தான் இலை மேயும். முன்னங்காலைத் தூக்கினால் அடியில் சிவப்பு தெரிகிறதா என்று பாருங்கள்.