அகவலுக்கு ஓர் ஆர்க்கெஸ்ட்ரா

வாய்விட்டுப் படிக்கும் கவிதைக்கு இசை அமைக்க உட்காருகிறவர் முதலில் கிளிக் டிராக்கை அணைத்துவிட வேண்டும். பாட்டுப் பதிவில் கணினித் தாளம் முதலில் ஓடும்; பாடகரும் வயலினும் அதற்குள் வந்து சேர்ந்துகொள்வார்கள். பேசும் குரலை அந்தக் கட்டத்துக்குள் அடைத்தால் கவிதை மூச்சுத் திணறும். நான் குரலைத் தனியாகப் பதிவு செய்கிறேன். பிறகு அது எங்கே விரைந்தது, எங்கே தயங்கியது என்று பார்த்து, வரிக்கு வரி டெம்போவைக் கணினியில் வரைகிறேன். வயலின், வியோலா, செல்லோ, ஹார்ன் எல்லாம் அதன் பிறகுதான். இவை சாம்பிள் ஒலிகள். சித்தூரில் அறுபது பேர் கொண்ட ஆர்க்கெஸ்ட்ராவுக்கு எங்கே போவது?

இப்போது கையில் இருப்பவை அகநானூற்றில் மாமூலனார் பாடியவை. புல்லி என்ற தலைவனின் வேங்கட மலை அவர் பாட்டில் வருகிறது. பொருள் தேடிப் போனவன் அந்த மலையைத் தாண்டி, வேற்று மொழி பேசும் நாட்டில் இருக்கிறான். இங்கே ஒருத்தி காத்திருக்கிறாள். அந்த மலையடிவாரத்தில்தான் திருப்பதி. 1960-இல் மாநில எல்லை மாறியபோது திருத்தணி தமிழ்நாட்டோடு சேர்ந்தது. சித்தூரும் திருப்பதியும் ஆந்திராவிலேயே நின்றன. எங்கள் தெருவில் காய்கறிக்காரரிடம் தெலுங்கில் விலை கேட்டுவிட்டுத் தமிழில் பேரம் பேசுவார்கள். எல்லையில் நிற்கும் இந்தப் பாட்டுகளை எல்லையிலேயே இருக்கும் குரலில் பதிவு செய்ய வேண்டும் என்பது என் பிடிவாதம்.

நான்கு பாவுக்கும் நான்கு ஓசை சொல்லி வைத்திருக்கிறது யாப்பிலக்கணம். வெண்பாவுக்குச் செப்பல், ஆசிரியப்பாவுக்கு அகவல், கலிப்பாவுக்குத் துள்ளல், வஞ்சிப்பாவுக்குத் தூங்கல். அகநானூறு நானூறும் ஆசிரியப்பா. பாடாமல், பேச்சாகவும் தேயாமல் நடுவில் நிற்கும் நடை அகவலுக்கு உண்டு. ஆர்க்கெஸ்ட்ராவோடு படிக்க இதைவிடத் தோதான பா தமிழில் இல்லை என்பேன். அடிக்கு நான்கு சீராக வந்துகொண்டே இருக்கும். நேரிசை ஆசிரியப்பாவில் கடைசி அடிக்கு முந்தைய அடியில் மட்டும் மூன்று சீர். நான்குக்குப் பழகிவிட்ட காது அங்கே ஒரு சீரை எதிர்பார்த்து ஏமாறும். அந்த ஒரு சீர் நேரம்தான் எனக்குக் கிடைக்கும் மிகப் பெரிய இடம். பாட்டு முழுக்க அடங்கியிருந்த செல்லோவை அங்கே ஒரே ஒரு சுரத்தில் எழுப்புகிறேன். கடைசி அடியைக் குரல் தொடங்கும்போது செல்லோ பாதியாகத் தணிந்திருக்க வேண்டும். இந்த இடத்தைப் புலவரே விட்டுவைத்திருக்கிறார். கண்டுகொள்வது மட்டுமே என் வேலை.

படிப்பவர் ஓய்வுபெற்ற தமிழாசிரியர். ஹெட்போனை மாட்டிக்கொண்டதும், “வாத்தியம் எப்ப நிக்கும்னு சொல்லுப்பா, அப்ப நான் ஆரம்பிக்கிறேன்” என்றார். “நீங்க படிங்க ஐயா, வாத்தியம் உங்களுக்காக நிக்கும்” என்றேன். வகுப்பில் படிப்பது போலவே படித்தார். சீர் பிரித்து, எதுகை விழும் இரண்டாம் எழுத்தில் லேசாக ஊன்றி, அடி முடிவில் குரலை இறக்கி. அப்படி இறங்கும் குரல் எப்போதும் ஏறக்குறைய ஒரே சுருதியில் போய் நிற்கிறது. பேசுகிறவர்களுக்கும் கட்டை உண்டு. அதைக் கண்டுபிடித்து, அதற்கு ஐந்து சுரம் கீழே டபுள் பாஸின் ஆதார ஒலியை வைத்தால், ஒவ்வோர் அடியும் தானாக வந்து வாத்தியத்தில் இறங்கும். அவர் பாடவில்லை, கேட்கிறவருக்கு மட்டும் பாட்டின் நிழல் தெரியும்.

குரலும் தந்தி வாத்தியங்களும் மோதிக்கொள்ளும் இடம் 2,000-இலிருந்து 4,000 ஹெர்ட்ஸ் வரை. மெய்யெழுத்துகள் தெளிவாகக் கேட்பது அங்கேதான். வயலினின் மினுமினுப்பும் அங்கேதான். ‘க்க’, ‘ட்ட’, ‘த்த’ போன்ற இரட்டிப்புகளில் குரல் ஒரு கணம் அடைபட்டுத் திறக்கிறது. அந்தச் சிறு மௌனத்தில் வயலின் புகுந்துவிட்டால் வல்லினம் மெல்லினமாகிவிடும். ழகரம் அதைவிடப் பாவம். அதற்கு வெடிப்பே கிடையாது. நடுத்தரத்தில் வியோலா நீட்டிப் பிடித்தால் கரைந்து லகரமாகிவிடும். அதனால் ழகரம் வரும் சீர்களில் வியோலாவைத் தூக்கிவிடுகிறேன். உயரத்தில் ஒற்றை வயலின் அல்லது அடியில் பாஸ் போதும். மிக்ஸிங்கில் அதிர்வெண்ணை வெட்டிச் சரிசெய்துவிடலாம் என்பார்கள். எழுதும்போதே விலகி நிற்கும் இசைக்கு உள்ள மரியாதை வெட்டிக் குறைத்த இசைக்கு வராது.

பெரும் தாளக்கருவிகள் அதிர, பித்தளை வாத்தியங்கள் ஏறிக்கொண்டே போகும் டிரெய்லர் பாணி இந்த வேலைக்கு ஆகாது. அது சொல்லை நம்பாத இசை. 2004-இல் வந்த மாக்ஸ் ரிக்டரின் ‘தி புளூ நோட்புக்ஸ்’ தொகுப்பில் டில்டா ஸ்விண்டன் காஃப்காவைப் படிப்பார். குரலோடு தட்டச்சு இயந்திரத்தின் சத்தம் கேட்கும், அருகில் பியானோவும் தந்திகளும். குரல் உயரவே உயராது. நம் பக்கம் 2005-இல் இளையராஜா புடாபெஸ்ட் ஆர்க்கெஸ்ட்ராவோடு திருவாசகத்தைக் கொண்டுவந்தார். அது பாடும் மரபில் பிறந்த பெருவேலை. தமிழ்ச் சொல்லின் கனத்தை அத்தனை வாத்தியங்களுக்கு நடுவிலும் நிறுத்த முடியும் என்ற துணிச்சல் எனக்கு அதிலிருந்து வந்தது. படிப்பு மரபுக்கு அப்படியொரு வேலை இன்னும் மிச்சம் இருக்கிறது.

அந்தப் படிப்பு மரபை நான் காதால் கற்றது திருப்பதியில். மார்கழியில் திருமலையில் சுப்ரபாதத்துக்குப் பதிலாகத் திருப்பாவை. கோயில்களில் பிரபந்தத்தைக் கோஷ்டியாகச் சேவிப்பதைக் கேட்டால் ஒன்று புரியும்: வாத்தியமே இல்லாமல், பாடாமல், வெறும் குரல்களால் ஒரு மண்டபத்தை நிறைக்கலாம். ஒருவர் தொடங்க, மற்றவர்கள் ஒரு நூல் பிந்திச் சேர்கிறார்கள். அந்தப் பிந்தலில்தான் ஒலிக்கு அகலம் வருகிறது. கணினியில் எல்லா வயலின்களையும் ஒரே கோட்டில் நிறுத்தினால் ஹார்மோனியம் போல ஒட்டிப்போகும். நான் ஒவ்வொரு பிரிவையும் சில மில்லி விநாடி முன்பின்னாகத் தள்ளிவைக்கிறேன். சாம்பிள் வில்லோசை மெதுவாக எழுவதால், நீண்ட சுரங்களை நூறு மில்லி விநாடிக்கு மேல் முன்கூட்டியே இழுக்க வேண்டியும் வருகிறது. இல்லையென்றால் சொல் முடிந்த பிறகுதான் செல்லோ வந்து சேரும்.

திருப்பதிக்காரனுக்கு இன்னொரு பாடமும் உண்டு. தெலுங்கில் பாடிய அன்னமாச்சாரியாரின் சங்கீர்த்தனங்கள் செப்பேடுகளாகத் திருமலைக் கோயிலில் பல நூற்றாண்டு கிடந்தன. ஏட்டில் ராகத்தின் பெயர் இருக்கிறது, மெட்டு இல்லை. ராள்ளபள்ளி அனந்தகிருஷ்ண சர்மா போன்றவர்கள் இருபதாம் நூற்றாண்டில் புதிதாக மெட்டமைத்தார்கள். 1978-இல் தேவஸ்தானம் அதற்கென்றே தனித் திட்டம் தொடங்கியது. செம்பில் வெட்டிய சொல் தங்கிவிட்டது, இசை ஒவ்வொரு தலைமுறையிலும் மறுபடி பிறக்கிறது. என் வயலின் வரிகளை இன்னொருவர் தூக்கிப் போட்டுவிட்டு மாமூலனாருக்கு வேறு இசை எழுதினால் எனக்கு வருத்தமில்லை.

அடுத்து அன்னமாச்சாரியாரையே பாடாமல் படிக்கவைக்கும் ஆசை. தெலுங்கு ஆசிரியை ஒருவர் ஒப்புக்கொண்டிருக்கிறார். முன்னோட்டமாக ஒரு பதத்தைப் பதிவு செய்தபோதே வேலை மாறிவிட்டது. தமிழில் பல அடிகள் ன், ம், ர், ள் என்று வாய்க்குள் முடங்கி நிற்கும். அந்த முணுமுணுப்பைச் செல்லோ வாங்கிக்கொள்ளும். தெலுங்குச் சொல் உயிரில் திறந்தே முடிகிறது. குரல் நின்ற பிறகும் அந்த ‘உ’வும் ‘இ’யும் ரிவெர்ப்பில் மிதக்கின்றன, செல்லோவுக்கு அங்கே வேலையில்லை. ஹார்னை மிக மெல்ல வைத்துப் பார்த்தேன், ஒத்துவருகிறது. வேங்கடத்துக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஒரே தொகுப்பில் வர வேண்டும் என்றால், இரண்டு குரலுக்கும் ஒரே மண்டபத்தின் எதிரொலி போதுமா, தனித்தனியாக வேண்டுமா என்பதை இந்த வாரம் மாற்றி மாற்றிக் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.