மறைந்திருந்த கோப்பும் மறைக்காத மகனும்



வீட்டுக்குள் நடந்ததை ஊரறிய எழுதலாமா என்று இரண்டு வாரம் யோசித்தேன். கடைசியில் என் மகனிடமே கேட்டேன். “எழுதுங்க உம்மா. இன்னொரு வீட்டுல இப்படி நடக்காம இருந்தாச் சரி” என்றான். அவன் தந்த அனுமதியோடுதான் இதை எழுதுகிறேன். படித்துவிட்டு என்னைக் கண்டிக்க நினைப்பவர்கள் தாராளமாகக் கண்டிக்கலாம். நான் அதற்குத் தகுதியானவள்தான்.

மகன் உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டு, பெறுபேறு வரும்வரை ஹட்டன் கடையில் வாப்பாவுக்கு உதவியாக நிற்கிறான். அவன் பரீட்சை முடித்த சந்தோஷத்தில், கட்டாரில் இருக்கும் என் தம்பி ஒரு பரிசு அனுப்பினான். கையில் பிடித்து விளையாடும் சிறிய கணினி அது. நடுவில் திரை, இரண்டு பக்கமும் பொத்தான்கள். எந்த நிறுவனத்தின் கருவி என்பது இங்கே வேண்டாம். நான் குறை சொல்ல வந்தது கருவியை அல்ல, என்னை.

எங்கள் சிறு வயதிலும் இப்படி ஒன்று இருந்தது, ஞாபகமிருக்கிறதா? சவூதியிலிருந்து வருபவர்கள் கொண்டுவரும் ‘பிரிக் கேம்’. இரண்டு பற்றரி போட்டால் போதும், மாதக்கணக்கில் ஓடும். அப்டேட் என்ற சொல்லே அதற்குத் தெரியாது. மகனின் கருவியும் அப்படித்தான் இருக்கும் என்று நினைத்துவிட்டேன்.

எங்கள் வீட்டில் இணையத்துக்கு ஒரே ஒரு ரவுட்டர்தான். மாதத்துக்கு 40 ஜீபி. நள்ளிரவுக்குப் பிறகு பாவிக்க இன்னொரு பங்கு. அதற்குள்தான் எல்லாம் நடக்க வேண்டும். சாதாரண தரம் படிக்கும் மகளின் மாலை வகுப்புகளும் அதில்தான். மலையகத்தில் இருப்பவர்களுக்கு இந்த டேட்டாவின் அருமை நன்றாகத் தெரியும். கொரோனாவில் 2020, 2021 ஆம் ஆண்டுகளில் பாடசாலைகள் மூடிக் கிடந்தபோது, தோட்டத்துப் பிள்ளைகள் ஒரே போனைச் சுற்றி நின்று, சிக்னல் தேடி மேட்டில் ஏறிப் படித்ததை நாம் கண்ணால் கண்டவர்கள். 2022 மார்ச் கடைசியில் ஒரு நாளைக்குப் பதின்மூன்று மணித்தியாலம் மின்வெட்டு வந்த காலத்தையும் கடந்தவர்கள்.

அப்படியிருக்க, ஒரு மாதம் பன்னிரண்டாம் திகதியே 40 ஜீபியும் தீர்ந்து போனது! மகள் கணித வகுப்பைத் திறந்து வைத்துக்கொண்டு அழுகிறாள். திரையில் வட்டம் சுற்றுகிறதே தவிர ஆசிரியரைக் காணோம்.

மகனைக் கேட்டேன். “நான் ஒண்டும் இறக்கல்ல உம்மா. அது தானா இறங்குது” என்றான்.

தானாக இறங்குமா? குழாயைத் திறக்காமல் தண்ணீர் வருமா? எனக்குக் கோபம் வந்தது. கோபத்தோடு சேர்ந்து இன்னொன்றும் உள்ளே நுழைந்தது. பதினெட்டு வயதுப் பையன். தனி அறை. கையில் இணையம் உள்ள கருவி. சகோதரிகளே, அந்த நேரத்தில் ஒரு தாயின் மனம் எங்கெல்லாம் போகும் என்பதை நான் விரித்துச் சொல்லத் தேவையில்லை.

ஒரு சனிக்கிழமை, வாப்பாவும் மகனும் கடைக்கு மரக்கறி எடுக்க நுவரெலியாவுக்குப் போயிருந்தார்கள். நான் அந்தக் கருவியைப் பையில் போட்டுக்கொண்டு டவுனில் போன் திருத்தும் ஒரு பையனிடம் கொண்டுபோனேன். அவன் ஏதோ அழுத்தி உள்ளே போய்க் காட்டினான். சேமிப்பிடம் 64 ஜீபி. அதில் மிச்சம் ஒன்றரை ஜீபிதான். விளையாட்டுகள் எல்லாம் மெமரி கார்டில் இருக்கின்றன. அப்படியானால் உள்ளே நிரம்பியிருப்பது என்ன? சாதாரணமாகக் கண்ணில் படாத ஓரிடத்தில் வரிசையாக ஃபோல்டர்கள். எதற்கும் பெயரில்லை, வெறும் இலக்கங்கள். ஒன்றைத் திறந்தால் பெரியதொரு கோப்பு. அதன் பெயரில் ‘வீடியோ’ என்ற சொல்!

“ராத்தா, இது என்னெண்டு எனக்கும் சரியா விளங்கல்ல” என்று அந்தப் பையன் நேர்மையாகத்தான் சொன்னான். ஆனால் எனக்கு விளங்கிவிட்டதே! மறைத்து வைத்த இடம், பெயரில்லாத ஃபோல்டர், அதற்குள் வீடியோ. வேறென்ன வேண்டும் தீர்ப்புச் சொல்ல?

அன்று மஃரிபுக்குப் பிறகு மகனை முன்னால் நிறுத்தி, வாயில் வந்ததெல்லாம் சொன்னேன். அதில் ஒன்றை மட்டும் இங்கே எழுதுகிறேன். “ஐந்து வேளையும் தொழுகிறாயே, அது எங்களுக்குக் காட்டவா?” என்று கேட்டேன். அவன் பதில் சொல்லவில்லை. தலையைக் குனிந்துகொண்டு போய்விட்டான். அந்த மௌனத்தையும் குற்றத்தின் அடையாளமாகவே எடுத்துக்கொண்டேன். கருவியை அலுமாரியில் வைத்துப் பூட்டினேன்.

நான்கு நாட்கள். கடைக்குப் போவான், வருவான், சாப்பாட்டைப் போட்டுக்கொண்டு அறைக்குப் போய்விடுவான். என் கணவர், “கொஞ்சம் பொறுத்துக் கேட்டிருக்கலாமே” என்றார். அவரோடும் முகம் கொடுத்துப் பேசவில்லை.

ஐந்தாம் நாள் அவன் படுக்கையைத் தட்டும்போது தலையணைக்கு அடியில் ஒரு சீ.ஆர். கொப்பி இருந்தது. அதையும் ஆதாரம் தேடுகிறவள் போலத்தான் திறந்தேன், அல்லாஹ் என்னை மன்னிக்க வேண்டும். உள்ளே நேர்த்தியாகக் கட்டம் போட்டு எழுதியிருந்தான். திகதி, இறங்கியது என்ன, எத்தனை ஜீபி, உள்ளே மிச்சம் எவ்வளவு. ‘5ஆம் திகதி – சிஸ்டம் அப்டேட். 6ஆம் திகதி – எல்லா விளையாட்டுக்கும் ஷேடர் மறுபடியும் இறங்கியது, 9 ஜீபி. 8ஆம் திகதி – விளையாட்டு அப்டேட், 11 ஜீபி. 9ஆம் திகதி – அதே விளையாட்டுக்குப் புதிய ஷேடர், 2 ஜீபி.’ இப்படி ஒரு பக்கம் முழுக்க. கடைசி வரியில், ‘தங்கச்சிட வகுப்புக்கு முன்னுக்கு இத எப்படியாவது நிப்பாட்டணும்.’

கொப்பியை மடியில் வைத்துக்கொண்டு கட்டிலிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

அன்றிரவு இஷாவுக்குப் பிறகு அவனுடைய அறைக்குப் போனேன். “மகன், உம்மா பிழை செஞ்சிட்டேன். மாப் பண்ணுங்க” என்றேன். பிள்ளையிடம் மன்னிப்புக் கேட்பது இவ்வளவு கடினமான காரியமா என்று அன்றுதான் அறிந்தேன். கொஞ்ச நேரம் சும்மா இருந்தான். பிறகு, “நீங்க கேட்டிருந்தா நானே காட்டியிருப்பேன் உம்மா” என்றான். அதைவிட அவன் என்னை ஏசியிருக்கலாம்.

சரி, அந்த ‘ஷேடர்’ என்பதுதான் என்ன? அவன் எனக்கு விளங்கப்படுத்தியதை நான் உங்களுக்கு என் பாஷையில் சொல்கிறேன்.

என் வாப்பாவுக்கு டிக்கோயாவில் ஒரு சிறிய கடை இருந்தது. 1956 இல் சிங்களம் மட்டும் ஆட்சிமொழி என்று ஆன பிறகு, காரியாலயங்களிலிருந்து வரும் கடிதங்கள் தோட்டத்து மக்களுக்குப் புரியாது. 1987 இல் தமிழும் ஆட்சிமொழி என்று அரசியலமைப்பில் எழுதிய பிறகும் நிலைமை உடனே மாறிவிடவில்லை. கடிதத்தைத் தூக்கிக்கொண்டு வாப்பாவிடம் வருவார்கள். அவர் வாசித்து, பின்பக்கத்தில் தமிழில் எழுதிக் கொடுப்பார். அதைப் பத்திரமாக டிரங்குப் பெட்டியில் வைத்துக்கொள்வார்கள். அடுத்த முறை அதே விஷயத்துக்கு மீண்டும் வரத் தேவையில்லை அல்லவா?

விளையாட்டின் படங்களில் வெளிச்சம் எப்படி விழ வேண்டும், நிழல் எப்படி விழ வேண்டும், தண்ணீர் எப்படி மினுங்க வேண்டும் என்று சொல்லும் சிறு சிறு கட்டளைகளுக்குத்தான் ஷேடர் என்று பெயர். அவை பொதுவான ஒரு மொழியில் வருகின்றன. கருவிக்குள் இருக்கும் படம் வரையும் சில்லுக்கு அந்த மொழி தெரியாது. அதன் சொந்த மொழிக்கு மாற்ற வேண்டும். விளையாடிக்கொண்டிருக்கும்போதே மாற்றப் போனால் படம் திக்கித் திக்கி நிற்கும். ஆகவே ஒருமுறை மாற்றியதைப் பெட்டியில் போட்டு வைத்துக்கொள்கிறது. அந்தப் பெட்டிதான் ‘ஷேடர் கேஷ்’. நாம் நோன்புக்கு முன்பே ரோல்ஸும் பெட்டிஸும் செய்து ஃபிரீசரில் அடுக்கி வைப்பதும் இதே யோசனைதானே! இஃப்தார் நேரத்தில் அவசரமில்லை. ஆனால் ஃபிரீசர் நிரம்பிவிட்டால் மீனுக்கு இடமில்லை.

டீவியோடு இணைக்கும் பிளேஸ்டேஷன் போன்றவற்றில் எல்லாருக்கும் ஒரே சில்லு. ஆகவே விளையாட்டைத் தயாரிப்பவர்களே மொழிபெயர்த்துத் தந்துவிடலாம். கணினிகளிலோ வீட்டுக்கு வீடு வேறு சில்லு. முன்கூட்டியே செய்து தருவது கடினம். 2022 இல் வால்வ் நிறுவனத்தின் ஸ்டீம் டெக் வந்தபோது, கையடக்கக் கணினியிலும் ஒரே மாடலுக்கு ஒரே சில்லு என்பதால், மொழிபெயர்த்ததை ஆயத்தமாகவே இணையத்தில் அனுப்பும் வசதி கிடைத்தது. அப்போது அதில் குறைந்த விலை மாடலின் சேமிப்பிடம் 64 ஜீபியாகத்தான் இருந்தது. அடுத்த ஆண்டு வந்த ரோக் அலை போன்ற கருவிகள் விண்டோஸில் ஓடுபவை. அவற்றில் மொழிபெயர்ப்பைக் கருவியே செய்துகொள்ள வேண்டியிருந்தது. 2025 அக்டோபரில் வந்த ரோக் எக்ஸ்பாக்ஸ் அலையோடு மைக்ரோசாஃப்டும் ஆயத்த ஷேடர்களை அனுப்பத் தொடங்கியது.

இதெல்லாம் நல்ல வசதிதான். தொல்லை எங்கே வருகிறது? காரியாலயம் கடிதத்தின் வாசகத்தை மாற்றிவிட்டால், பெட்டியில் இருக்கும் பழைய மொழிபெயர்ப்பு எதற்கு உதவும்? விளையாட்டுக்கு அப்டேட் வந்தால் அதன் ஷேடர்கள் மாறுகின்றன. சில்லை இயக்கும் டிரைவருக்கு அப்டேட் வந்தாலோ, மொழிபெயர்ப்பவரே மாறியது போல. எல்லா விளையாட்டுக்கும் மறுபடியும் முதலிலிருந்து! அதனால்தான் மகன் விளையாடாமல் சும்மா திறந்து வைத்தாலும் ஜீபி கணக்கில் இறங்கியது. விளையாட்டை மெமரி கார்டில் வைத்தாலும் இந்தக் கேஷ் உள் சேமிப்பிடத்தில்தான் சேர்ந்தது. அதனால்தான் 64 ஜீபியும் நிரம்பியது.

அந்த ‘வீடியோ’? விளையாட்டுகளுக்கு இடையில் கதை சொல்லும் சிறு படத் துண்டுகள் வருமாம். விண்டோஸுக்கென்று செய்த அந்தத் துண்டுகள் லினக்ஸில் ஓடும் கருவியில் சில வேளை ஓடாது. ஆகவே ஓடக்கூடிய விதத்தில் மாற்றி, ஷேடர்களோடு சேர்த்து அனுப்புகிறார்கள். ஃபோல்டரின் இலக்கங்கள் அந்தந்த விளையாட்டின் பதிவு இலக்கங்கள். என் மகனின் மறைவிடம் என்று நான் தீர்ப்புச் சொன்ன ஃபோல்டரை அவன் ஒரு தடவைகூடத் திறந்ததில்லை!

இதில் எனக்கு ஒரு ஆதங்கம் உண்டு. இவற்றைச் செய்கிறவர்கள், எல்லார் வீட்டிலும் இணையம் ஆறு போல ஓடுகிறது என்று நினைத்துச் செய்கிறார்கள். ஹட்டனில் ஒரு ரவுட்டரைப் பங்குபோட்டுப் பாவிக்கும் வீடு அவர்கள் கண்ணில் படுவதில்லை. “இத்தனை ஜீபி இறக்கப் போகிறேன், சம்மதமா?” என்று கருவி ஒரு வார்த்தை கேட்டிருந்தால், எங்கள் வீட்டில் இந்த நான்கு நாட்கள் நடந்திருக்காது. அதே நேரம், கருவிதான் கேட்கவில்லை. நானாவது கேட்டேனா?

உங்கள் வீட்டிலும் இப்படியொரு கருவி இருந்தால், நாங்கள் இப்போது செய்வதைச் சொல்கிறேன். அப்டேட்டுகள் நள்ளிரவுக்குப் பிறகு மட்டும் இறங்கும்படி நேரம் குறித்துவிட்டோம். ஆயத்த ஷேடர் இறக்குவதை அமைப்பில் நிறுத்திவிட்டான் மகன். முதல் தடவை விளையாடும்போது படம் கொஞ்சம் திக்குமாம். “பரவாயில்ல, பொறுத்துக்கலாம்” என்கிறான். ஏழு விளையாட்டுகளில் மூன்றை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவற்றை எடுத்துவிட்டான். பழைய கேஷை மாதம் ஒருமுறை பார்த்துத் துடைக்கிறான். அது போனால் மறுபடியும் உண்டாகிவிடும், விளையாடிச் சேமித்த இடம் அழியாது. கேஷ் எது, சேமித்த விளையாட்டு எது என்று அறிந்தவர்கள்தான் கை வைக்க வேண்டும். என்னைப் போன்றவர்கள் தொடக்கூடாது!

கருவியின் கதை இவ்வளவுதான். என் கதைக்கு வருகிறேன். ஸூரத்துல் ஹுஜுராத்தை எத்தனை முறை ஓதியிருப்பேன்! கேள்விப்பட்ட செய்தியை விசாரித்துத் தெளிவு பெறும்படி அதன் ஆறாம் வசனம் ஏவுகிறது. வீண் சந்தேகத்தையும், பிறர் குறையைத் துருவித் தேடுவதையும் பன்னிரண்டாம் வசனம் தடுக்கிறது. பிள்ளைகளை மதரஸாவுக்கு அனுப்பி இதை ஓதக் கொடுத்தவள் நான். விசாரித்துத் திகதி போட்டு எழுதி வைத்தது அவன், துருவித் தேடிச் சந்தேகப்பட்டது நான்.

பிள்ளைகளைக் கவனிக்க வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. கவனிக்கத்தான் வேண்டும். இந்தக் காலத்தில் கண்ணை மூடிக்கொண்டிருக்க முடியாது. ஆனால் பிள்ளை இல்லாத நேரத்தில் கருவியைத் தூக்கிக்கொண்டு டவுனுக்குப் போவதற்கு முன்னால், அவனைப் பக்கத்தில் உட்கார வைத்து “இது என்ன மகன், உம்மாவுக்குக் காட்டுங்க” என்று கேளுங்கள். கேட்டபிறகு அவன் சொல்வதை முழுக்கக் கேளுங்கள். விளங்காவிட்டால் விளங்கும்வரை கேளுங்கள்.

அந்தக் கொப்பி இப்போது ரவுட்டருக்குப் பக்கத்தில் இருக்கிறது. மகள் வகுப்பு முடிந்ததும் எத்தனை ஜீபி மிச்சம் என்று எழுதுகிறாள். மகன் தன் கணக்கை எழுதுகிறான். போன மாதம் கடைசி நாளில் 3 ஜீபி மிச்சம் இருந்தது, அல்ஹம்துலில்லாஹ். ஆனால் மகன் இன்னும் தன் அறைக் கதவைத் திறந்தே வைத்துவிட்டுத்தான் விளையாடுகிறான். “சாத்திக்கோங்க மகன், குளிருதே” என்று நான்தான் போய்ச் சாத்திவிட்டு வருகிறேன். அவன் தானாகவே அந்தக் கதவைச் சாத்திக்கொள்ளும் நாளுக்காக துஆ செய்கிறேன். நீங்களும் துஆ செய்யுங்கள்.

வஸ்ஸலாம்.