‘கரண்ட், தண்ணி எல்லாம் சேர்த்துத்தேன் வாடகை!’ - காரைக்குடியில் வீடு தேடலாம் வாங்க

காரைக்குடி என்றதும் ஆயிரம் ஜன்னல் வீடும், முனீஸ்வரன் கோயில் தெருவின் பழம்பொருள் கடைகளும்தான் பலருக்கு ஞாபகம் வரும். ஆனால், அழகப்பா பல்கலைக்கழகமும், 1948-ல் அடிக்கல் நாட்டப்பட்ட ‘சிக்ரி’ என்கிற மத்திய மின்வேதியியல் ஆய்வு நிறுவனமும் இருக்கிற ஊர் இது. படிக்கவும் வேலை பார்க்கவும் வருகிறவர்களுக்குத் தேவை அரண்மனை வீடு அல்ல, மாடியில் ஒரு போர்ஷன்!

ஆராய்ச்சிப் படிப்புக்குச் சேர்ந்த தோழிக்காக நானும் இரண்டு நாள் கல்லூரிச் சாலை, செக்காலைப் பக்கமெல்லாம் சுற்றினேன். ‘டு-லெட்’ போர்டுகளைவிட இஸ்திரி வண்டிக்காரரும் டீக்கடைக்காரரும்தான் அதிக வீடுகளைக் காட்டினார்கள்.

ஒரு மாடி போர்ஷன் இருவருக்குமே பிடித்துப்போனது. ‘‘கரண்ட்டு, தண்ணி எல்லாம் சேத்துத்தேன் வாடகை சொல்றேன் ஆத்தா. மாசம் பொறந்தா ஒரே கணக்கு’’ என்றார் வீட்டுக்கார ஆச்சி. உதவித்தொகை எந்த மாதம் வரும், எந்த மாதம் தள்ளிப்போகும் என்று தெரியாத மாணவிக்கு, ‘ஒரே கணக்கு’ என்பது பெரிய நிம்மதி.

ஆனால், அடுத்து வந்தது பட்டியல். ஏ.சி கூடாது, இண்டக்‌ஷன் அடுப்பு கூடாது, அயர்ன் பாக்ஸ் வாரத்துக்கு ஒரு நாள், மோட்டார் காலையும் மாலையும் மட்டும். கேஸ் இணைப்பு இல்லாமல் வருகிற பெண், இண்டக்‌ஷனும் இல்லாமல் எதில் சமைப்பாள்?

ஆச்சியைக் குறை சொல்லவும் முடியாது. மூன்று போர்ஷனுக்கும் ஒரே மீட்டர். தமிழ்நாட்டில் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை ரீடிங் எடுக்கிறார்கள். ஒரு வீட்டு இணைப்புக்கு முதல் 100 யூனிட் இலவசம். ஆளுக்கு 180 யூனிட் எரிக்கும் மூன்று குடும்பங்களுக்குத் தனித்தனி மீட்டர் இருந்தால், ஒவ்வொன்றும் 80 யூனிட்டுக்குத்தான் பணம் கட்டும். ஒரே மீட்டர் என்றால் மொத்தம் 540 யூனிட். இலவசம் ஒரே ஒரு 100-க்குத்தான். 500-ஐத் தாண்டியதால் கட்டண அடுக்கும் மாறிவிடும். அந்தப் பயம்தான் ஆச்சியின் பட்டியல்.

வேடிக்கை என்னவென்றால், இந்த ஊரின் பழைய வீடுகளில் இதற்கு ஒரு வழி இருந்தது. நகரத்தார் வழக்கத்தில் கல்யாணமான மகன் ஒவ்வொருவரும் ஒரு ‘புள்ளி’. கூரை ஒன்று, வளவைச் சுற்றி ஆளுக்கு ஓர் அறை. ஆனால் அடுப்பும் கணக்கும் தனித்தனி. சேர்ந்தும் இருந்தார்கள், அடுத்தவர் செலவில் மூக்கை நுழைக்காமலும் இருந்தார்கள்.

‘எல்லாம் சேர்த்து’ என்று யாராவது சொன்னால், அந்த ‘எல்லாம்’ எது எது என்று அட்வான்ஸ் கொடுக்கும் முன்பே கேட்டுவிடுங்கள். எத்தனை யூனிட் வரை? குடிதண்ணீரா, போர் தண்ணீரா? மோட்டார் ரிப்பேர் ஆனால் யார் செலவு? கோடையில் பில் ஏறினால் வாடகையும் ஏறுமா? பதில்களை ஒப்பந்தத்தில் எழுதிக்கொள்வது நல்லது. 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாடு வாடகைச் சட்டப்படி ஒப்பந்தம் எழுத்தில்தான் இருக்க வேண்டும். சண்டையே வந்தாலும் கரண்ட்டையோ தண்ணீரையோ வீட்டு உரிமையாளர் நிறுத்தக் கூடாது.

தோழி கடைசியில் பிடித்தது, இரண்டு தெரு தள்ளி தனி மீட்டர் உள்ள வீடு. ராத்திரி முழுக்க ஃபேன் ஓடினாலும் கேட்க ஆளில்லை. ஆனால், அங்கே போர் தண்ணீர்தான். காரைக்குடிக்காரர்கள் பெருமையாகச் சொல்லும் இனிப்பான சம்பை ஊற்றுத் தண்ணீர், ஆச்சி வீட்டுக் குழாயில் வந்தது. இவள் குடிக்க கேன் வாங்குகிறாள். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை, ரீடிங் எடுக்கிற அன்று மீட்டரை போட்டோ எடுத்து எனக்கு அனுப்புகிறாள். போன முறை 96 யூனிட். கூடவே ஒரு சிரிப்பு எமோஜி!