நீரும் மின்சாரமும்

நீரின்றி உயிர்வாழ்க்கை இல்லை. மின்சாரமின்றி இக்கால நகரவாழ்க்கை செவ்வனே நடைபெறுவதில்லை. தனித்தனியே நமக்குப் பெருநன்மை புரியும் இவ்விரண்டும் ஒருங்கு கூடுமிடத்து உயிர்க்கு இறுதி நேர்தலும் உண்டு. அஃது ஏன் என வினவுவார்க்கு, “நீர் மின்சாரத்தைக் கடத்தும்” என்று விடையிறுத்து அமைகின்றோம். அவ்விடையிற் பாதியே உண்மை. எஞ்சிய பாதியையும் அறிந்தாலன்றி, அஞ்ச வேண்டுமிடத்து அஞ்சுதல் நமக்கு இயலாது.

தூய நீர் மின்சாரத்தை எளிதிற் கடத்துவதன்று. தமிழ் பயிலும் நமக்கு இதனை விஞ்ஞான வகுப்பு நண்பரொருவர் சோதனைச்சாலையிற் கண்கூடாகக் காட்டினார். காய்ச்சி வடித்த நீருள்ள கண்ணாடிக் குவளையில் இரண்டு கரிக்கோல்களை நிறுத்தி, அவற்றை மின்கலங்களோடும் சிறு விளக்கொன்றோடும் இணைத்தார். விளக்கு எரியவில்லை. பின்னர் உப்பைச் சிறிது சிறிதாக இட்டுக் கலக்கினார்; விளக்கு மெல்ல ஒளிவிடத் தொடங்கியது. நீர் அதே நீர்தான். புதிதாய் வந்தது உப்பொன்றே.

உப்பானது நீரிற் கரையுங்கால், சோடியம், குளோரைடு என்னும் இருவகை அயனிகளாய்ப் பிரிந்து உலவும். முன்னது நேர்மின்னும், பின்னது எதிர்மின்னும் உடையது. மின்கலத்தின் இருமுனைகளும் அவற்றை எதிரெதிர்த் திசைகளில் இழுக்கின்றன. அவ்வியக்கமே நீரினுள் மின்னோட்டமாகின்றது. ஆகவே மின்சாரத்தைச் சுமப்பது கரைந்த உப்பு. நீர் அதனைப் பிரித்து வழிவிடுகின்றது. தூய நீரும் தானே சிறிது பிரிவதுண்டு. ஆயின், ஏறத்தாழ 55 கோடி மூலக்கூறுகளுக்கு ஒன்றே அங்ஙனம் பிரிந்து நிற்குமாதலின், அதனாற் செல்லும் மின்னோட்டம் மிகச் சிறிது.

இவ்வேறுபாட்டை அளந்தறிந்தவருள் ஒருவர் ஹென்றி காவெண்டிஷ் என்னும் ஆங்கிலேயர். மின்னோட்டத்தை அளக்குங் கருவி தோன்றாத அக்காலத்தில், அவர் தம் உடலையே கருவியாகக் கொண்டு, மின்னதிர்ச்சியின் வன்மையை ஒப்புநோக்கினார். கடல்நீர் மழைநீரினும் நூறுமடங்கு நன்றாகக் கடத்துமென்று 1776-இல் வெளியிட்டார். கரைந்த உப்பு அயனிகளாய்ப் பிரியுமென்னுங் கொள்கைக்கு அடிப்படையிட்டவர் சுவீடன் நாட்டு அர்ரீனியஸ். 1884-இல் அவர் அளித்த ஆராய்ச்சிக் கட்டுரைக்கு ஆசிரியர்கள் தாழ்ந்த தரமே வழங்கினர். 1903-இல் அவருக்கு நோபெல் பரிசு கிடைத்தது.

இனி, இவ்வுண்மை நம் உயிரோடு தொடர்புறுமாற்றைக் காண்போம். நம் வீட்டுக் கிணற்றிலும் குழாயிலும் வருவது வடித்த நீரன்று. மண்ணினின்று பல உப்புக்களைக் கரைத்துக்கொண்டு வருவது. நம் உடலோ அதனினும் உப்பு மிக்கது. குருதியின் நீர், நூற்றுக்கு ஒரு பங்கிற்குச் சற்றுக் குறைவாக உப்பிட்ட நீரை ஒக்கும். இவ்வுப்புநீர் நிறைந்த உடலுக்கு அரணாய் நிற்பது உலர்ந்த மேற்றோல் ஒன்றே. நன்கு உலர்ந்த தோலுடைய உடலின் தடை 1,00,000 ஓம் வரை இருத்தல் கூடும். நனைந்தவிடத்து அது 1,000 ஓம் அளவிற்குத் தாழ்தலும் கூடும். நம் வீடுகளுக்கு வரும் மின்னழுத்தம் 230 வோல்ட்டு. கணக்கிட்டு நோக்குமிடத்து, உலர்ந்த கையிற் பாயக்கூடியது 2 மில்லி ஆம்பியருக்குச் சற்று மேல்; ஈரக்கையிற் பாயக்கூடியது 230 மில்லி ஆம்பியர். 10 மில்லி ஆம்பியர் அளவிலேயே பற்றிய கை விடாது இறுகும். 100 மில்லி ஆம்பியர் இதயத்தின் துடிப்பைக் குலைக்க வல்லது. ஒரே கம்பி, ஒரே கை. இடையில் நின்ற ஈரமே உயிரைப் பறிக்கின்றது.

உப்புக் குறைந்த நீரில் இடர் குறைவென்று கருதுவாரும் உளர். அது பிழை. கடல்நீர் உடலினும் நன்கு கடத்துவதாதலின், அங்கே மின்னோட்டத்திற் பெரும்பகுதி உடலைச் சுற்றிச் சென்றுவிடும். ஏரியிலும் ஆற்றிலும் நீரினும் நம் உடலே எளிய வழியாகும்; ஆதலால் மின்சாரம் நம்மூடே பாய விழைகின்றது. தசைகள் செயலற்று, நீந்த வல்லாரும் மூழ்கி மடிவர். தெருவிற் பெருகிய மழைவெள்ளத்திற்கும் இஃது ஒக்கும்.

2015 டிசம்பரிற் சென்னையை வெள்ளஞ் சூழ்ந்தபோது பல பகுதிகளில் மின்சாரம் நிறுத்தப்பட்டது. இருளில் இருந்தோர் வருந்தியது இயல்பே. ஆயின், நீர் புகுந்த தெருக்களில் மின்சாரம் ஓடிக்கொண்டிருக்குமாயின் விளைவு யாதாகும்? அவ்விருள் நமக்குக் காவலாய் வந்த இருளென்று கொள்ளல் தகும்.

ஆகலின் நாம் கடைப்பிடிக்கத்தக்கன சில உள. ஈரக்கையோடு மின்விசையைத் தொடலாகாது. மின்சாரத்தாற் பற்றிய தீயின்மேல் நீரை ஊற்றலாகாது. வீட்டினுள் நீர் புகுமுன் தலைமை மின்விசையை நிறுத்தல் வேண்டும். நீர் புகுந்தபின் அதில் நின்றுகொண்டு அவ்விசையைத் தொடலாகாது. 30 மில்லி ஆம்பியர் கசிந்தவுடன் மின்சாரத்தைத் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. என்னுங் கருவி வீடுதோறும் இருத்தல் நன்று. அறுந்து வீழ்ந்த கம்பியைக் கண்டால் வெகு தொலைவில் நின்று, பிறரையும் தடுத்து, மின்வாரியத்தார்க்கு அறிவித்தல் வேண்டும். மின்சாரந் தாக்கியவரைக் கண்டவுடன் ஓடிச்சென்று கைப்பற்றுதல் அன்பின் செயலாகத் தோன்றும். ஆயினும் அஃது இருவரையும் மாய்த்தல் கூடும். முதலில் மின்சாரத்தை நிறுத்துவதே உண்மை அன்பு.

‘பூமிக்கு உப்பு’ என நம் ஆண்டவர் தம்மவரை அழைத்த உப்பு, உணவிற்குச் சுவையும் உடலுக்கு வலிமையும் தருவது. அவ்வுப்பே மின்சாரத்திற்கு வழியாகவும் அமைகின்றது. படைக்கப்பட்ட பொருளில் தீமையில்லை; அதன் இயல்பை அறியாது ஒழுகுதலிலேயே தீமை உளது. கல்லூரியிற் பயிலும் பேறுபெற்ற நாம், விடுமுறைக்கு ஊர் செல்லுங்கால், ஈரத்துணியைக் கம்பிக்கொடியில் உலர்த்தும் அன்னையர்க்கும், வயலில் நீர்ப்பொறியை இயக்கும் உழவர்க்கும் இதனை எளிய சொற்களில் எடுத்துரைப்போமாக. அவ்வுரையால் ஓருயிர் பிழைக்குமாயின், நாம் கற்ற கல்வி பயனுடையதாகும்.